ஒன்பதாம் நாளின் படம்

ஒரே ஒரு வானத்துல ஒரே ஒரு வெளிச்சம் இருந்துச்சாம், இருந்தது ரெண்டு விநாடிகூட இல்லியாம், அதுக்குள்ள அணைஞ்சு போச்சாம். தாத்தாவாக இருந்தால் இப்படித்தான் தொடங்கியிருப்பார். தொடங்கிவிட்டு நிறுத்துவார், நான் 'ம்' கொட்ட வேண்டும், கொட்டினால்தான் ராஜா வேட்டைக்குப் போவான், கொட்ட மறந்தால் குதிரைமேல் ஏறியவன் ஏறியபடியே நிற்பான்; அப்படி ம் கொட்டியே வளர்ந்தவன் நான், பேசுகிறவன் இல்லை. ஆய்வகத்தில் எனக்கு மூத்தவரான பூபாலன் அண்ணன் இன்றைய கருத்தரங்கை வேறு மாதிரித் தொடங்கினார். "எல்லாருக்கும் வணக்கம், சாப்பாடு செரிக்கிற நேரத்துல வந்திருக்கீங்க, தூங்குறவங்க கேள்வியை முன்னாடியே கேட்டுட்டுத் தூங்கலாம்" என்றார், கூடம் சிரித்தது, முதல் வரிசையில் தாணுமாலயன் சார், ஓய்வு பெற்றுப் பத்து வருஷமாகியும் எங்கள் ஆய்வகத்தின் ஒரு கருத்தரங்கையும் விடாதவர், அவரும் மூடிய கண்ணைத் திறக்காமலே சிரித்தார். மைக் மேசைமேல் கிடக்கிறது. அண்ணன் அதைத் தொடவில்லை, அவருக்கு வேண்டாம், தேவகோட்டைக் கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற தொண்டை அது. மணி மூன்று ஐந்து. நாற்பது நிமிஷம் பேச்சு, பத்து நிமிஷம் கேள்வி, அப்புறம் வெளியே தேநீரும் மெதுவடையும். நாற்பது நிமிஷம் நான் பொறுத்துக்கொள்வேன், ஐந்து மாதம் பொறுத்தவனுக்கு நாற்பது நிமிஷம் என்ன. சட்டைப் பையில் பென் டிரைவ் இருக்கிறது, விரலால் தொட்டுப் பார்க்கிறேன், சூடாக இருக்கிறது, என் நெஞ்சின் சூடு அதற்கு ஏறியதா அதன் சூடு எனக்கு ஏறியதா தெரியவில்லை. அதற்குள் ஒரே ஒரு படம். அந்தப் படம் திரைக்கு வந்தால் இந்த மனுஷன் இப்படிச் சிரிக்க மாட்டார், அடுத்த மாதம் வெளிநாட்டு வேலைக்கு ஏறப்போகிற விமானத்திலும் சிரிக்க மாட்டார். "என்னடா சுடலை, நீ பல்லைக் கடிக்கிறது எனக்குக் கேக்குது" என்கிறாள் பக்கத்தில் நிலோஃபர், என்னோடு ஆய்வுக்குச் சேர்ந்தவள். ஒண்ணுமில்லை என்கிறேன். "என்ன?" என்கிறாள். ஒரு முழ தூரம்கூட இல்லை, பல் கடிக்கிற சத்தம் கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை, என் குரலின் லட்சணம் இது, பள்ளிக்கூடத்திலிருந்தே இதுதான், உள்ளேன் ஐயா என்று சொல்லச் சொல்ல வராதவனாகக் குறிக்கப்பட்டவன் நான்.

திரையில் முதல் படம் வந்துவிட்டது, இரண்டு உருண்டைகள் ஒன்றையொன்று சுற்றுகின்றன, செத்துப்போன விண்மீன்கள், ஒரு ஊர் அளவுக்குச் சுருங்கி இறுகிப்போனவை, சுற்றிச் சுற்றிக் கடைசியில் மோதிக்கொள்ளும், மோதினால் காமாக் கதிர் வெடிப்பு, இரண்டு விநாடிக்குள் முடிந்துவிடும். "கேள்வி இதுதான்" என்கிறார் அண்ணன், "இந்த வெளிச்சம் குண்டு பல்பு மாதிரி எல்லாப் பக்கமும் போகுதா, இல்ல டார்ச் லைட் மாதிரி ஒரே பக்கம் ஒடுங்கிப் போகுதா." அதுகூட என் வார்த்தை, டார்ச் லைட், ஒரு நாள் பேருந்தில் நான் சொன்னது. குண்டு பல்பு என்றால், நம்மிடம் வந்து சேர்ந்த துளியை வைத்துக் கணக்குப் போட்டால் மொத்த ஆற்றல் மலைக்க வைக்கும், அவ்வளவு எங்கிருந்து வந்தது என்று கையைப் பிசைய வேண்டும். ஒடுங்கிய தாரை என்றால் கொஞ்சம் ஆற்றலே போதும், ஆனால் அது நேராக நம் முகத்தைப் பார்த்து அடித்திருக்க வேண்டும், நம்மைப் பார்க்காமல் வேறு பக்கம் அடித்தவை எத்தனையோ, ஒன்று தெரிந்தால் நூறு தெரியாமல் போயிருக்கும். எனக்குக் கோபமே வராது என்று இந்த ஆய்வகத்தில் எல்லாரும் சொல்கிறார்கள், சுடலைமுத்து தங்கமான பையன், பசுமாடு. அவர்கள் தாரைக்கு வெளியே நிற்கிறவர்கள். என் கோபம் எல்லாப் பக்கமும் சிந்தியிருந்தால் இதற்குள் நீர்த்துப்போயிருக்கும், அது ஒரே திசையில் போகிறது, ஆறடி உயரம், கோடு போட்ட நீலச் சட்டை. டார்ச்சா பல்பா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வெடிப்பு முடிந்தபின் ஒரு தணல் மிஞ்சும், பின்னொளி என்போம், அது நாளுக்கு நாள் மங்கும். சீராக மங்கிக்கொண்டே போனால் தாரை என்று சொல்ல வழியில்லை. ஒரு கட்டத்தில் சரிவு செங்குத்தாகிவிட்டால், கோடு முறிந்தால், தாரையின் ஓரம் நமக்குத் தெரியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இதோ அந்த முறிவு, திரையில், சிவப்புக் கோடாக, இரண்டாம் நாளுக்குப் பக்கத்தில். அதை முதலில் பார்த்தது நான். செவ்வாய்க்கிழமைக் குழுக்கூட்டம், எங்கள் நெறியாளர் கோமதி மேடம் மேசையின் தலைமாட்டில், இதே கோடு சுவரில், நான் பார்த்தேன், "மேடம், ரெண்டாம் நாளுக்கப்புறம் முறியுது, தாரையா இருக்கலாம்" என்றேன். மேடம் காதைத் திருப்பி "என்னப்பா?" என்றார். நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து அண்ணன் சொன்னார், "ரெண்டாம் நாளுக்கப்புறம் முறியுது மேடம், தாரையா இருக்கலாம்." ஒரு எழுத்து மாறவில்லை. "பிரமாதம் பூபாலன்" என்றார் மேடம், எழுந்து போய் அந்த முறிவை விரலால் தொட்டார். அண்ணன் என் பக்கம் திரும்பி முதுகில் தட்டினார், தட்டினாரே, அதுதான், அந்தத் தட்டல், ஐந்து மாதமாக அந்த இடத்தில் சட்டை ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அன்றைக்கும் நான் செய்தது ஒன்றுதான், ம் கொட்டினேன்.

"இந்தப் படங்களை எல்லாம் நான் மலைமேல உக்காந்து எடுத்தேன்" என்கிறார் இப்போது, மலை, தொலைநோக்கி, மேகம், ஒரு குரங்கு, குரங்கைக் காட்டினால் எல்லாரும் சிரிப்பார்கள், சிரித்தார்கள். அந்தக் குரங்கு பறித்துக்கொண்டு போனது என் பிஸ்கட் பொட்டலத்தை. மலையில் உட்கார்ந்தது நான். தங்கச்சி கல்யாணம் தம்பி, தொலைநோக்கி நேரம் என் பேர்ல வந்திருக்கு, விட்டா அடுத்த வருஷம்தான், நீ போய் உக்காரு, ஆனா வெளிய மூச்சு விடாத, யார் பேர்ல நேரம் இருக்கோ அவங்கதான் உக்காரணும், தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் இனிமே மலை கிடையாது என்றார் அண்ணன். மூச்சு விடவில்லை, எனக்கா சொல்லித்தர வேண்டும். பதிவேட்டில் அவர் பெயரையே எழுதினேன். முதல் நாள், இரண்டாம் நாள், நாலாம் நாள், மங்கிக்கொண்டே போகிற அந்தப் புள்ளியைப் பிடித்தேன், புள்ளி தனியாக இல்லை, அது பிறந்த விண்மீன் மண்டலம் அதைச் சுற்றி மேகம் மாதிரிப் பரவிக் கிடக்கும், தாய் என்போம், தாயின் வெளிச்சத்தைக் கழித்தால்தான் புள்ளியின் வெளிச்சம் எவ்வளவு என்று தெரியும். அதற்கு ஒரு படம் வேண்டும், புள்ளி முழுக்க அணைந்தபிறகு, தாய் மட்டும் இருக்கிற படம். எங்கள் குழுவில் அதற்குத் தாய்ப்படம் என்று பெயர். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காத்திருந்து எடுக்க வேண்டும். ஆனால் ஒன்பதாம் நாளோடு மலையில் அண்ணனின் நேரம் முடிந்தது, ஐப்பசி மழை தொடங்கப்போகிறது, சரி, இருக்கட்டும், இப்போதைக்கு ஒன்று எடுத்து வைப்போம் என்று எடுத்தேன், தாய்ப்படம் என்று தட்டினேன், தற்காலிகம் என்று குறிப்புப் பகுதியில் எழுதுவதற்குள் மழை மணி அடித்தது, ஓடிப்போய் மேல்கூரையை மூடினேன், மூடிவிட்டு வந்தேன், எழுதவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். சொன்னேன். திங்கட்கிழமை கேண்டீனில் எதிரே உட்கார்ந்து சொன்னேன், அண்ணே, அந்தத் தாய்ப்படம் தற்காலிகம்தான், மழைக்கப்புறம் வேற எடுக்கணும். சொன்னேன்தானே. அவர் கல்யாண ஆல்பத்தை ஃபோனில் தள்ளிக்கொண்டிருந்தார், பின்னால் கிரைண்டர் ஓடியது, நான் தோசையைப் பிட்டுக்கொண்டிருந்தேன், சொன்னேன், அவர் தலையை ஆட்டினார். தலையை ஆட்டியது நினைவிருக்கிறது. ஆல்பத்துக்கு ஆட்டினாரா.

இருபத்திரண்டு நிமிஷம் ஆகிவிட்டது. ஒன்பதாம் நாள் அந்தப் புள்ளி அணையவில்லை, அதுதான் விஷயம், மங்கலாக எரிந்துகொண்டிருந்தது, தாயின் வெளிச்சத்துக்குள் ஒளிந்துகொண்டு. அந்தப் படத்தை எடுத்துக் கழித்தால் தாயோடு சேர்த்து அந்த மிச்சமும் கழிந்துவிடும். முதல் நாள் வெளிச்சத்தில் அது பெரிய குறையில்லை. நாலாம் நாளில் இருப்பதே கொஞ்சம், அதில் பாதிக்குக் கிட்ட போய்விடும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குப் பாதியாகக் குறைய வேண்டியது மூன்றில் ஒன்றாகத் தெரியும். செங்குத்தாகச் சரியும், முறியும், தாரை தாரை என்று நாம் எழுந்து நின்று கூத்தாடுவோம். முறிவை நாங்களே வெட்டி உண்டாக்கிவிட்டு நாங்களே கண்டுபிடித்தோம். இது எனக்குப் புரிந்தது மூன்று மாதம் கழித்து, ஒரு மத்தியானம், கை கழுவும்போது. தை மாதம் வானம் துடைத்துவிட்டது போலத் தெளிந்ததும் மலையில் வேறொருவர் நேரத்தில் பத்து நிமிஷம் கெஞ்சி வாங்கி ஒரு படம் எடுத்தேன், இப்போது தாய் மட்டும்தான் இருந்தாள், அதை வைத்துக் கழித்தேன், கோடு நேராகிவிட்டது, முறிவு இல்லை, சுவடுகூட இல்லை. அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். அண்ணன் எனக்கு இரண்டு மேசை முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார், அவர் பின்கழுத்தை ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன், சொல்லவில்லை, வைத்துக்கொண்டேன், சபை கூடட்டும் என்று வைத்துக்கொண்டேன், தாத்தாவின் கதையில் நாக்கறுபட்ட வேலைக்காரி அரசனின் பந்தியில் எல்லாரும் உட்கார்ந்தபிறகுதான் சாட்சியை வைத்த பாத்திரத்தின் மூடியைத் திறப்பாள், முன்னாடி திறந்தால் அது வெறும் சண்டை, அப்போது திறந்தால் நியாயம். ஆனால் ஒரு முள் இருக்கிறது, இந்த ஒரு மாதமாகத் தொண்டையில் நிற்கிறது, விழுங்கவும் வரவில்லை துப்பவும் வரவில்லை: என்னிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டு போனது போலி நகை. போலி என்று நான் சபையில் சொல்லலாம், சொன்னபிறகு அது என்னுடையது என்று எப்படிச் சொல்வேன். முறிவைப் பார்த்தவன் நான். முறிவை உண்டாக்கிய படத்துக்குப் பெயர் வைத்தவனும் நான். அதனால்தான் கேண்டீன் முக்கியம். கேண்டீனில் நான் சொல்லியிருந்தால் தப்பு அவருடையது, கேட்டும் விட்டுவிட்டார். சொன்னேன். கிரைண்டர் ஓடியது. சொன்னேன், தோசை, தலையை ஆட்டினார். சில நேரம் எனக்குள் அவ்வளவு தெளிவாகக் கேட்டுவிடுகிறது, வெளியே வந்ததா இல்லையா என்று நான் பார்ப்பதில்லை.

கைதட்டல். நாற்பது நிமிஷம் முடிந்துவிட்டதா, முடிந்துவிட்டது, அண்ணன் தண்ணீர் குடிக்கிறார், தொண்டை மேலும் கீழும் போகிறது. கோமதி மேடம் எழுந்து, "கேள்வி நேரம், இதைப் பதிவு பண்றோம், அதனால வழக்கம்போல கேள்வியைத் திருப்பிச் சொல்லிட்டுப் பதில் சொல்லு பூபாலன், பின்னாடி இருக்கிறவங்களுக்கும் கேக்கணும்" என்கிறார். என் கை தூக்கியிருக்கிறது, நான் தூக்கியதாக நினைவில்லை. "அட, சுடலை" என்கிறார் மேடம், நாலு வருஷத்தில் முதல் முறை. நிலோஃபர் முன்னால் போய் மைக்கை வாங்கி வந்து என் கையில் திணிக்கிறாள், "கடிச்சிராத" என்கிறாள். மைக் கனமாக இருக்கிறது. இதில் பேச வேண்டும் என்றுதான் ஒரு வாரமாகக் குளியலறையில் பழகினேன். இப்போது அதைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் வேறொன்று தெரிகிறது, மேடம் சொன்ன அந்த வழக்கம், கேள்வியைத் திருப்பிச் சொல். என் வார்த்தையை எடுத்து உரக்கச் சொல்வதில் அண்ணனுக்கு எவ்வளவு பழக்கம். சொல்லட்டும். மைக்கை நாற்காலியில் வைத்தேன். என் குரலிலேயே கேட்டேன், தாய்ப்படம் எந்த நாள் எடுத்தது. அவர் காதில் கை வைத்துக் குனிந்தார், உதட்டைப் பார்த்தார், நிமிர்ந்தார், "தம்பி கேக்கிறது, தாய்ப்படம் எந்த நாள் எடுத்ததுன்னு" என்றார், கூடம் முழுக்கக் கேட்டது, கடைசி வரிசைச் சுவர்வரைக்கும் போய்த் திரும்பியது, "நல்ல கேள்வி, ஒன்பதாம் நாள்." நான் இரண்டாவதைக் கேட்டேன், இன்னும் மெதுவாக. அவர் இரண்டடி கிட்ட வந்தார். வாங்க அண்ணே, வாங்க. "ஒன்பதாம் நாள்" என்று திருப்பிச் சொல்லத் தொடங்கினார், அதே பந்தித் தொண்டை, "ஒன்பதாம் நாள் அந்தப் படத்துல பின்னொளி அணைஞ்சிருச்சுன்னு எப்படி..." அங்கே நின்றுவிட்டார். அவர் திறமைசாலி, அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை, நாலாம் நாள், ஒன்பதாம் நாள், கழித்தல், எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேயே ஓடி முடிந்துவிட்டது, கண்ணில் தெரிந்தது, முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை, பார்க்க நன்றாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன், மிக நன்றாக இருந்தது. தாணுமாலயன் சார் கண்ணை மூடியபடியே சொன்னார், "அது ஒன்பதாம் நாளும் உயிரோட இருந்திருந்தா, பூபாலா, நீ தாயை மட்டும் கழிக்கல, பிள்ளையையும் சேர்த்துக் கழிச்சிருக்க." யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். மேடம் சிரிக்கவில்லை. "கட்டுரை பத்திரிகைக்குப் போயிருச்சே" என்றார், அவருக்கே சொல்வது போல, பிறகு, "தாய்ப்படம்னு குறிச்சது யாரு? மலையில உக்காந்தது நீதானே?" அண்ணன் என்னைப் பார்த்தார். இதுதான், இந்தப் பார்வைதான், இதற்குத்தான் ஒரு மாதம், ஐந்து மாதம். சொல்லட்டும், நான் கல்யாணத்துக்குப் போயிருந்தேன், உக்காந்தது இவன்தான், பேர் போட்டது இவன்தான் என்று சொல்லட்டும், சொன்னால் இத்தனை நாள் என் பெயரை எங்கே வைத்திருந்தார் என்றும் சொல்ல வேண்டும், முறிவை யார் பார்த்தது என்றும் ஒருவேளை. சொல்லட்டும், எனக்கும் தண்டனை வரட்டும், பரவாயில்லை, என் பெயர் இந்தக் கூடத்தில் ஒரு தடவை அந்தத் தொண்டையிலிருந்து வரட்டும். "நான்தான் மேடம்" என்றார் அண்ணன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னைக்கே கட்டுரையைத் திருப்பி வாங்கு. உனக்கு வேலை குடுத்தவங்களுக்கும் நீயே எழுதிரு, வேற யாராவது சொல்லி அவங்களுக்குத் தெரியக் கூடாது." சரி மேடம் என்றார். நான் உட்கார்ந்தேன், மைக்கின் மேல் உட்கார்ந்தேன், எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நான்தான் என்றாரே. அதையும் எடுத்துக்கொண்டார். இந்த ஆய்வகத்தில் சந்தேகமில்லாமல் என்னுடையதாக இருந்தது ஒன்றே ஒன்று, அந்தப் பிழை, அதையும் ஒரு எழுத்து மாறாமல் எடுத்துக்கொண்டார்.

நாற்காலிகள் இழுபட்டன, கதவு திறந்ததும் வடை வாசனை உள்ளே வந்தது, எல்லாரும் மெதுவாகப் பேசிக்கொண்டே போனார்கள், என்னைப்போல மெதுவாக. நிலோஃபர் என் மடியிலிருந்த மைக்கை எடுத்துக்கொண்டு போனாள். தாணுமாலயன் சார் கைத்தடியை ஊன்றி எழுந்து, தாண்டிப்போகும்போது, "நல்ல அடிடே" என்றார், பாராட்டா இல்லையா என்று தெரியாத குரலில். மேடம் போனார். அண்ணன் மடிக்கணினியை மூடி, ஒயரை முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் சுற்றிக்கொண்டிருந்தார், நிதானமாக, மாட்டுக்கயிறு சுற்றுவது போல. நான் கிட்டப் போய்ப் பென் டிரைவை மேசையில் வைத்தேன்.

"புதுத் தாய்ப்படம் அண்ணே."

"எப்ப எடுத்த?"

"போன மாசம்."

"போன மாசம்" என்று திருப்பிச் சொன்னார். யாருக்கும் கேட்காத அளவுக்கு மெதுவாக, அவருக்கு அப்படியும் பேச வரும் என்று எனக்குத் தெரியாது. "போன மாசம் பூரா என் பின்னாடிதானே உக்காந்திருந்த."

ஒயர் சுற்றி முடிந்தது. பையில் போட்டார், பென் டிரைவையும் போட்டார். முள் தொண்டையில் நகர்ந்தது, இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க மாட்டேன் என்று தெரிந்தது, கேட்டேன், எனக்கே கேட்கும்படி.

"கேண்டீன்ல நான் சொன்னேன்ல அண்ணே? அந்தப் படம் தற்காலிகம்தான்னு. நீங்க தலையை ஆட்டினீங்க."

அவர் என்னைக் கோபமில்லாமல் பார்த்தார், அதுதான் தாங்கவில்லை.

"நீ ஒண்ணும் சொல்லலியேப்பா" என்றார். "வாய் அசைஞ்சுது. தோசை மெல்லுறேன்னு நெனச்சேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"ம்" என்றேன். சத்தமாகத்தான் வந்தது. அதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.